இவுகளுக்கு நீங்க என்ன வேணும்?

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பெரியவர்களே, என் அணித் தோழர்களே, காய்கிற கருவாட்டைத் தார்ப்பாயால் மூடிவிட்டு இந்த வாடைக்காற்றிலும் மண்டபம் ஊர்க் கடற்கரைப் பந்தலுக்கு வந்து அமர்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

வயது முதிர்ந்த இரண்டு பெண்களுக்கு இடையே உள்ள காதலைத் திரைப்படம் குறிப்பால் உணர்த்தினால் போதும் என்கிறது எதிரணி. வெளிப்படையாக, கதையின் நடுவில் வைத்துச் சொல்ல வேண்டும் என்கிறது எங்கள் அணி. இந்த அணியில் மூன்றாவதாகப் பேச வந்திருக்கிறேன். எனக்கு 61 வயது. சினிமாவைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், பார்க்கிறவள் என்ற தகுதி மட்டும்தான். ஆனால் 33 ஆண்டுகள் இந்தக் கரையில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் நான். பாம்பன் பக்கத்திலும் உச்சிப்புளிப் பக்கத்திலும் நான் படியேறாத வீடுகள் குறைவு. எந்த வீட்டில் யாருக்கு யார் கஞ்சி ஊற்றுகிறார்கள், யாருக்குக் காய்ச்சல் வந்தால் யார் இரவெல்லாம் கண்விழிக்கிறார்கள் என்பது செவிலிக்குத் தெரியாமல் போகாது. அந்த அறிவை வைத்துக்கொண்டுதான் இங்கே நிற்கிறேன்.

எதிரணித் தலைவர், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அருமையாகத் தொடங்கினார். உள்ளுறை, இறைச்சி என்று பொருளை மறைவாக உணர்த்துவது நம் மரபு என்றார். சொல்லாமல் சொல்வதே அழகு, பெயர் சுட்டாமல் பாடுவதே அகத்திணை, அப்படியிருக்க இந்தக் காதலை மட்டும் ஏன் கூவிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். கேட்பதற்கு இனிமையாக இருந்தது. அவருக்கு முன்னால் தமிழ் பேச எனக்குத் தயக்கம் உண்டு. இருந்தாலும் அவர் எடுத்த சான்று அவர் அணிக்கு உதவவில்லை என்று பணிவோடு சொல்கிறேன்.

அகப்பாட்டில் தலைவனுக்கோ தலைவிக்கோ இயற்பெயர் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி, அது உண்மைதான். ஆனால், அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன வேண்டும் என்பதை எந்தப் பாட்டாவது மறைத்திருக்கிறதா? இது தலைவி கூற்று, இது தோழி கூற்று, இது செவிலித்தாய் கூற்று என்று பாட்டின் அடியிலேயே துறையை எழுதி வைத்தார்கள். நெய்தல் என்று சொன்னவுடனேயே இது பிரிந்தவளின் இரங்கல் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். உள்ளுறை மறைத்தது, வாய்விட்டுச் சொன்னால் நாணம் வரக்கூடிய செய்தியை. காதல் ஒன்று அங்கே இருக்கிறது என்ற அடிப்படையை அது ஒருபோதும் மறைக்கவில்லை. முன்னோர் பெயரை மறைத்தார்கள், உறவைச் சொன்னார்கள். நம் திரை இதற்கு நேர்மாறாகச் செய்கிறது. இரண்டு வயதான பெண்களுக்குப் பெயர் வைக்கிறது, ஊர் வைக்கிறது, சாதியும் தொழிலும் வீட்டு முற்றமும்கூட வைக்கிறது. உறவை மட்டும் பனிமூட்டத்தில் விட்டுவிட்டு, அதற்குக் கலை என்று பெயர் சூட்டிக்கொள்கிறது.

ஐயா இன்னொன்றும் சொன்னார்: அப்படிப்பட்ட இருவரைத் தோழிகள் என்று காட்டினால் போதுமே, தோழி என்பது எவ்வளவு உயர்ந்த சொல் என்றார். உயர்ந்த சொல்தான். ஆனால் அகப்பாட்டில் தோழியின் வேலை என்ன? தலைவியின் காதலைச் சுமப்பது. தூது போவாள், ஆறுதல் சொல்வாள், அறத்தொடு நின்று தாயிடம் உண்மையை எடுத்துரைப்பாள். அவளுக்கென்று ஒரு காதல் பாட்டு உண்டா? அவள் யாருக்காக ஏங்கினாள் என்று யாராவது பாடினார்களா? தன்பாலீர்ப்புள்ள மூத்த பெண்ணைத் தோழி என்ற சொல்லுக்குள் அடைப்பது, அவளை ஆயுள் முழுவதும் அடுத்தவர் கதையில் தூது போகச் சொல்வதுதான்.

முதுமைக் காதல் தமிழ்த் திரைக்கு ஒவ்வாதது என்று யாரும் சொல்ல முடியாது. 2017-இல் வெளிவந்த ‘ப. பாண்டி’யில், பேரன் பேத்தி எடுத்த ராஜ்கிரண் தன் இளவயதுக் காதலியைத் தேடிப் போகிறார். ரேவதி கதவைத் திறந்து நிற்கும்போது தியேட்டரில் இருந்தவர்கள் முகம் சுளிக்கவில்லை, மகிழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன். 2020-இல் ஓடிடியில் வந்த ‘புத்தம் புது காலை’ தொகுப்பில், ‘இளமை இதோ இதோ’ என்ற கதையில் ஜெயராமும் ஊர்வசியும் பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல் காதலிக்கிறார்கள். இந்தக் கதையில் ஒன்றைக் கவனித்தேன். அவர்கள் காதலில் திளைக்கும் நேரத்தில் திரையில் அவர்களுடைய இடத்துக்கு இளம் நடிகரும் இளம் நடிகையும் வந்துவிடுகிறார்கள். மனத்தால் இளமையாகிவிட்டார்கள் என்று காட்டுவதுதான் இயக்குநரின் நோக்கம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஆணும் பெண்ணுமாக, ஊரே ஏற்றுக்கொண்ட முறையில் இருக்கிற காதலுக்கே சுருக்கம் விழுந்த தோலைக் காட்ட இவ்வளவு யோசனை என்றால், இரண்டு கிழவிகளின் காதலுக்கு எவ்வளவு யோசனை இருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள்மேல் விழுவது இரட்டைத் திரை. வயது ஒரு திரை. பெண்ணைப் பெண் விரும்புவது மற்றொரு திரை.

இந்தப் பக்கம் பாருங்கள். 2025 பிப்ரவரி 14 அன்று வெளியான ‘காதல் என்பது பொது உடமை’ தமிழில் இந்தப் பொருளை நேராகப் பேசிய படம். லிஜோமோல் ஜோஸ் தன் அம்மாவிடம் தான் விரும்புவது ஒரு பெண்ணை என்று சொல்கிறார். அம்மாவாக ரோகிணி. படத்தை மதிக்கிறேன். அதிலும் காதல் இளையவர்களுடையது. மூத்த பெண்ணுக்குக் கிடைத்த வேலை அதிர்ச்சி அடைவதும், பிறகு புரிந்துகொள்ள முயல்வதும். மலையாளத்தில் 2023-இல் ‘காதல் தி கோர்’ வந்தது. 70 வயதைக் கடந்த மம்மூட்டி, மணமாகி வளர்ந்த மகளும் உள்ள, ஆணை விரும்புகிற ஒருவராக நடித்தார். பெரிய நட்சத்திரம், பெரிய துணிச்சல். அது ஆணுக்குக் கிடைத்த இடம். ஒரு பெண் நட்சத்திரத்துக்கு இப்படி ஓர் இடம் தந்த தமிழ்ப் படத்தின் பெயரைச் சொல்லுங்கள் என்று என் அணித் தலைவி கேட்டார். எதிரணியில் இருவர் பேசி முடித்துவிட்டார்கள், பெயர் வரவில்லை. இந்தியில் 2022-இல் ‘மஜா மா’வில் மாதுரி தீட்சித் நடித்தார். மகனுக்குக் கல்யாணம் பேசும் நேரத்தில் அம்மா தன்பாலீர்ப்புடையவர் என்பது வெளியே தெரிகிறது. எடுத்ததே பெரிது என்பேன். ஆனால் அந்த அம்மாவின் காதலைவிட, அது தெரிந்ததால் மகனின் கல்யாணம் நிற்குமா நடக்குமா என்பதற்கே படம் அதிகமாகக் கவலைப்பட்டது. பார்த்து முடித்தபோது அவர் காதலித்த பெண்ணின் முகம் எனக்கு மனத்தில் நிற்கவில்லை.

இனி, என் ஊர்ப்பக்கம் வருகிறேன். பாம்பனை ஒட்டிய ஒரு கடலோரச் சிற்றூர். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்லமாட்டேன். இதைச் சொல்ல யாரிடம் அனுமதி கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்டுவிட்டேன்.

இருவரும் பாசி எடுக்கிறவர்கள். இளவயதிலேயே தாலி இழந்தவர் ஒருவர். கட்டியவனின் அடி தாங்காமல் வந்துவிட்டவர் மற்றவர். ஒரே பனையோலை வீட்டில் 27 ஆண்டுகள் சேர்ந்து இருந்தார்கள். பாசி எடுப்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பெண்கள் வள்ளத்தில் தீவோரம் போவார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் சட்டை, கண்ணுக்கு நீர்க்கண்ணாடி, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், பாறையை ஒட்டி வளர்ந்த மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்துக்கொண்டு மேலே வருவார்கள். பாறை விரலைக் கிழித்துவிடும். அதனால் பழைய துணியை நாடாவாகக் கிழித்து ஒவ்வொரு விரலுக்கும் சுற்றிக்கொள்ள வேண்டும். இடக்கை விரல்களுக்குத் தானே சுற்றிக்கொள்ளலாம். வலக்கை விரல்களுக்கு, அதுவும் இடக்கையில் ஏற்கெனவே துணி ஏறிய பிறகு, தானே சுற்றுவது பெரும்பாடு. இன்னொருத்தி சுற்றிவிட வேண்டும்.

தடுப்பூசி முகாமுக்காக விடியற்காலையில் அந்தக் கரைக்குப் போகும்போதெல்லாம் அவர்கள் இருவரையும் வள்ளத்தின் ஓரத்தில் பார்த்திருக்கிறேன். மூத்தவர் கையை நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருப்பார். இளையவர் அந்தக் கையை மடியில் வைத்து, சுண்டுவிரலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு விரலாக, இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் சுற்றி, நுனியில் முடிச்சுப் போட்டு, போட்ட முடிச்சைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பார். பிறகு கைகள் மாறும். வேறு பெண்களும் ஒருவருக்கொருவர் சுற்றிவிடுவார்கள்தான். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே அவசரமாகச் செய்வார்கள். இவர்கள் அந்த நேரத்தில் பேசமாட்டார்கள்.

அவர்களுக்குள் இருந்தது இன்னதென்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர்கள் வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை. அவர்களுக்குச் சொல்லும் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். கச்சான் காற்று வீசும் ஒரு காலத்தில் மூத்தவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆம்புலன்சில் நானும் கூடப் போனேன். எந்த மருத்துவமனை என்பது முக்கியமில்லை. எங்கே போயிருந்தாலும் அதே கேள்விதான் வந்திருக்கும். பதிவு செய்யும் மேசையில் இருந்த பெண், நம் ஊர்ப் பெண்தான், மரியாதையோடுதான் கேட்டாள்: "இவுகளுக்கு நீங்க என்ன வேணும்?" இளையவர் சொன்னார்: "கூட இருக்கிறவ." "கூட இருக்கிறவன்னா? சொந்தமா?" பதில் வரவில்லை. 27 ஆண்டுகள் கடலுக்குள் மூச்சடக்கிப் பழகியவர் அந்த மேசைக்கு முன்னால் மூச்சு விடாமல் நின்றதைப் பார்த்தேன். பின்னால் வரிசை நின்றது. நான் குறுக்கிட்டு, "கூடப் பிறந்தவக" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அவருக்கு வார்டுக்குள் ஒன்பது நாள் இடம் கிடைத்தது. பத்தாம் நாள் தூத்துக்குடியிலிருந்து மூத்தவரின் அண்ணன் மகன் வந்தான். பொய் அன்றோடு முடிந்தது. மூன்றாம் வாரத்தில் மூத்தவர் இறந்தபோது கையெழுத்து அவனுடையது, ஊர்வலம் அவனுடையது. பாசி விற்ற காசு போட்டிருந்த வங்கிப் புத்தகம் மூத்தவர் பெயரில் இருந்ததால் அந்தக் காசும் அவனுடையது. அவனைக் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். அத்தையின் வீட்டில் குடியிருந்த ஒரு பெண் என்றுதான் அவனுக்கு இவரைத் தெரியும். வேறு எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள்?

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் வைத்த வாதத்துக்கு வருகிறேன். இன்று பேசப்பட்டவற்றில் மிக வலுவானது அதுதான். அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. அவர் சொன்னார்: இந்தக் கடற்கரையில் ஆண்களைக் கடலுக்குக் கொடுத்த பெண்கள் அதிகம்; இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் வாழ்ந்தால் ஊர் புருவம் உயர்த்துவதில்லை; அந்தப் பேசாமைதான் அவர்களுக்குக் காவல்; திரை இதற்குப் பெயர் வைத்துவிட்டால் நாளைக்கு ஒவ்வொரு வீட்டையும் ஊர் சந்தேகத்தோடு பார்க்கும்; காப்பாற்றுகிறேன் என்று அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடுவீர்கள் என்றார்.

பேசாமை அவர்களைக் காத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். குழாயடியில் காத்தது, கரையில் காத்தது, திருவிழாவில் ஒரே பாயில் உட்கார்ந்தபோது காத்தது. ஆனால் அவர்கள் உடம்பு திடமாக இருந்தவரைதான். வார்டு வாசலிலும் வங்கியிலும் இடுகாட்டிலும் அது அவர்களைக் காக்கவில்லை. அங்கேயெல்லாம் நீ யார் என்ற கேள்வி வருகிறது, பேசாமையிடம் அதற்கு விடை இல்லை. இந்தக் கேள்வி இளையவர்களுக்கும் வரும், ஆனால் அடிக்கடி வராது. முதியவர்களுக்கு அது வராமல் போகவே போகாது. அதனால்தான் இளையோர் கதை முதலில் வரட்டும், மூத்தவர்கள் பொறுத்திருக்கட்டும் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. பொறுத்திருக்க அவர்களுக்கு நாள் இல்லை.

காட்டிக்கொடுப்பது பற்றிச் சொன்னார். தெருவில் போகிற ஒருத்தியை விரல் நீட்டிக் காட்டுவது வேறு. திரையில் ஒரு கற்பனைப் பாத்திரத்தின் வாயில் ஒரு சொல்லை வைப்பது வேறு. முதலாவதில் சொல் வெளியிலிருந்து ஒருத்தியின் மேல் விழுகிறது. இரண்டாவதில் சொல் அங்கே இருக்கிறது. வேண்டியவள் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாதவள் விட்டுவிடலாம். அந்த மேசைக்கு முன்னால் நின்றவருக்குத் தேவைப்பட்டது அப்படி எடுத்துக்கொள்ள ஒரு சொல். அவர் அதைச் சொல்லாமலே போயிருக்கலாம். அது அவர் விருப்பம். ஆனால், கேட்ட பெண்ணுக்காவது அப்படி ஓர் உறவு உலகத்தில் உண்டு என்று தெரிந்திருந்தால், அவள் அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டிருப்பாள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில், 50 வயதை நெருங்கிய ஒரு தாய், கதவைச் சாத்திவிட்டு என்னிடம் கேட்டார்: "நர்சம்மா, எனக்கு அவ நெனப்பாவே இருக்கு. இது ஏதும் சீக்கா?" நான் அவருக்குத் தூக்க மாத்திரை வாங்கித் தருவதைப் பற்றிப் பேசினேன், ஏர்வாடி தர்காவுக்குப் போய் வரச் சொன்னேன். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்பது எனக்குத் தெரியாது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோயல்ல என்று 2018-இல் சொன்னது. அவர்கள் அதைச் சொல்வதற்கு முன்பே அந்தத் தாய் இறந்துவிட்டார். எனக்குப் பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றிலாவது அப்படி ஒரு தாயை நான் பார்த்திருந்தால் அவரை அப்படி அனுப்பியிருக்கமாட்டேன். படம் பார்த்தா மனிதர்கள் மாறுகிறார்கள் என்று எதிரணியில் கேட்டார்கள். நான் மாறியிருப்பேன்.

சட்டம் பார்த்துக்கொள்ளும், சினிமா எதற்கு என்றும் ஒரு குரல் எழுந்தது. சட்டம் எதுவரை வந்திருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், மனம் ஒப்பிய தன்பால் உறவு குற்றமல்ல என்றது. 2021-இல், மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு இளம்பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதைப் பற்றிய அறியாமை இருந்தது என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டு தீர்ப்பு எழுதினார். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் திருமண உரிமையை வழங்க மறுத்தது. 2024-இல் மத்திய அரசு, இப்படிப்பட்ட துணைவர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், நாமினியாகப் பெயர் கொடுக்கலாம், ஒரே ரேஷன் அட்டையில் சேரலாம் என்றது. நெருங்கிய உறவினர் இல்லாத நிலையில் துணையின் உடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் சொன்னது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்றது. இவ்வளவும் வந்திருக்கிறது. ஆனால் நாமினி படிவத்தில் பெயர் எழுத வேண்டுமென்றால், அவள் தனக்கு யார் என்று முதலில் ஒருத்தி தன் மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டுமே. அந்தச் சொல் அரசாணையைப் படித்து வருவதில்லை. அது கதையிலிருந்துதான் வரும். ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்வது எப்படி என்று நாம் எந்தச் சட்டப் புத்தகத்தில் படித்தோம்?

வெளிநாட்டில் இரண்டு படங்கள் இந்த மருத்துவமனை வாசலை அப்படியே எடுத்திருக்கின்றன. 2000-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘இஃப் தீஸ் வால்ஸ் குட் டாக் 2’ என்ற படத்தின் முதல் பகுதியில், 1961-இல் நடப்பதாக வரும் கதையில், பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த இரண்டு முதிய பெண்களில் ஒருவர் மருத்துவமனையில் கிடக்க, வனெசா ரெட்கிரேவ் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறார். குடும்பத்தார் அல்லர் என்பதால் உள்ளே விடவில்லை. இறந்த பின் வீடு உறவினருக்குப் போகிறது. 2019-இல் பிரெஞ்சில் வந்து ‘டூ ஆஃப் அஸ்’ என்று அறியப்படும் படத்தில், ஒரே மாடியில் எதிரெதிர் வீடுகளில் குடியிருக்கும் இருவர். எழுபதை ஒட்டிய நடிகைகளான பார்பரா சுகோவாவும் மார்ட்டின் செவாலியேயும் நடித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் அண்டை வீட்டுக்காரர்கள், அவ்வளவுதான். இருவரும் வீட்டை விற்றுவிட்டு ரோமுக்குப் போய் வாழத் திட்டமிட்டிருக்கும்போது ஒருவருக்குப் பக்கவாதம் வருகிறது. எதிர்க் கதவு மற்றவருக்குச் சாத்தப்படுகிறது. பிரான்சும் அமெரிக்காவும் நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். இதைப் பார்த்தபோது எனக்குப் பிரான்ஸ் தெரியவில்லை; நம் மருத்துவமனை மேசையும் "கூட இருக்கிறவ" என்ற குரலும்தான் தெரிந்தன. அந்தப் படம் குறிப்பால் உணர்த்தவில்லை. இவர்கள் காதலர்கள் என்று தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. அதனால்தான் கதவு சாத்தப்படும்போது என்ன சாத்தப்படுகிறது என்று நமக்கு வலிக்கிறது. தோழிகள் என்று காட்டியிருந்தால், பாவம், அண்டை வீட்டு அம்மா வருத்தப்படுகிறார் என்று கடந்து போயிருப்போம்.

படத்தைத் தியேட்டரில் கல்லால் அடிப்பார்கள் என்று பயமுறுத்தினார்கள். அடித்தார்கள். 1998-இல், இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ திரையிடப்பட்டபோது மும்பையிலும் டெல்லியிலும் திரையரங்குகள் தாக்கப்பட்டன. தணிக்கைக் குழு மறுபடி பார்த்து, மறுபடியும் ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதித்தது. படம் திரும்ப வந்தது. அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

எப்படிக் காட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். முத்தம் வைக்கச் சொல்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். ஆணும் பெண்ணுமான அந்த வயதுக் காதலுக்கு எந்த அளவோ, அதே அளவு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். எனக்கு வேண்டியது வேறு. நரைத்த தலைக்கு இளம் நடிகையை மாற்றாமல், அந்த உடம்பையே காட்டுங்கள். உப்புநீரில் ஊறி வெளுத்த விரல் நுனிகளைக் காட்டுங்கள். அவர்கள் வேலை செய்வதைக் காட்டுங்கள்; சண்டை போடுவதையும், மீன் குழம்பில் புளி கூடிவிட்டது என்று ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதையும் காட்டுங்கள். ஒருத்தி மற்றவளை ‘என் ஆளு’ என்று ஒரு தடவையாவது மூன்றாம் மனிதரிடம் சொல்வதைக் காட்டுங்கள். முன்காலத்தை நினைத்துப் பார்க்கும் காட்சியில் மட்டும் காதலை வைத்துவிட்டு, நிகழ்காலத்தில் நோயை மட்டும் வைக்காதீர்கள். நான் மேலே சொன்ன இரண்டு வெளிநாட்டுப் படங்களையும் மதித்துத்தான் சொன்னேன். அவற்றிலும் காதல் வெளியே வர ஒருத்தி விழ வேண்டியிருக்கிறது. விழாமலே வரட்டும்.

இறுதியாக, அனுமதி கேட்டேன் என்று சொன்னேன் அல்லவா. நேற்றைக்கு முந்தின நாள் மாலை அந்த ஊருக்குப் போனேன். வீடு இப்போது அவருக்கு இல்லை. வேறொருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறார். இன்னும் பாசிக்குப் போகிறார், முன்போல ஆழத்துக்கு இல்லை. வலக்கை விரல்களுக்குத் தானே துணி சுற்றி, முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்குகிறார். மண்டபத்தில் பேசப் போகிறேன், இன்ன பொருள், உங்கள் கதையைச் சொல்லலாமா என்று கேட்டேன். வெகுநேரம் வலைக்கண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பேரு வேணாம். கையில துணி சுத்துனதச் சொல்லுங்க" என்றார்.

கிளம்பும்போது கூப்பிட்டுக் கேட்டார்: "நீங்க சொல்ற மாதிரி படம் எடுத்தா, அதுல ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் இருப்பாகளா?"

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை, நடுவர் அவர்களே. அந்தக் கேள்வியைத் தங்கள் முன்னும் இந்த அவையின் முன்னும் வைத்து அமர்கிறேன். வணக்கம்.